விளிம்பில் பொறித்த பெயர்

(திருவாலங்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு கடற்படை அதிகாரியின் வாழ்க்கையையும், அவர் நடத்திய போருக்காக அவருக்கும் அவருடைய மாலுமிகளுக்கும் கிடைத்த ஒரு பதக்கத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஊரில் இப்படி ஒரு தலைப்பு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். எனக்குத் தெரிந்து இந்தப் பேச்சுக்குத் திருவாலங்காட்டைவிடப் பொருத்தமான ஊர் வேறு இல்லை.

இந்த ஊரின் பெயரோடு என்றும் சேர்ந்திருப்பவர் காரைக்கால் அம்மையார். அவர் ஒரு துறைமுகத்து வணிகரின் மகள். அவரை மணந்த பரமதத்தன் கப்பலேறி வாணிகம் செய்யப் போனவன், திரும்பி வராமல் பாண்டி நாட்டில் வேறொரு வாழ்க்கையைத் தொடங்கிவிட்டான் என்று சேக்கிழார் சொல்கிறார். அந்தக் கடற்கரைக் குடும்பத்துப் பெண்தான் இந்த ஊர்க் கோயிலின் இரத்தின சபையின் அடியில் வந்து சேர்ந்தார்.

அடுத்தது செப்பேடு. 1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்ததைப் பதிவு செய்யும் சாசனம் அது. கொடை நடந்தது 1018-ஐ ஒட்டிய காலம். ஆனால் அதன் வடமொழிப் பகுதி, கடல் கடந்து கடாரத்தை வென்ற செய்தியையும் சொல்கிறது. அந்தப் படையெடுப்பு 1025-ஐ ஒட்டி நடந்தது. ஆகவே அந்தப் பகுதி பின்னால் எழுதிச் சேர்க்கப்பட்டது என்று கல்வெட்டறிஞர்கள் முடிவு செய்தார்கள். எப்படியானாலும், தமிழ் மன்னன் ஒருவன் வங்கக் கடலைத் தாண்டிப் படை அனுப்பிய செய்திக்கு நமக்கு இருக்கும் முதன்மையான சான்றுகளில் ஒன்று இந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது.

மூன்றாவதை நீங்கள் அண்ணாந்து பார்த்தாலே போதும். மோசூர், புளியமங்கலம் தாண்டினால் அரக்கோணம். அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்தைத் தொடங்கி வைத்தார். நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஓடுபாதை அது. 2017 மார்ச் வரை ரஷ்யத் தயாரிப்பான டியு-142 விமானங்கள் அங்கிருந்து பறந்தன. இன்று பி-8ஐ விமானங்கள் பறக்கின்றன. நம் வயல்களுக்கு மேல் போகும் அந்த விமானங்களின் முதல் வேலை, கடலுக்கடியில் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிக் கண்டுபிடிப்பது. 1971-ல் நான் பேசப்போகும் அதிகாரியிடம் கரைத் தளத்திலிருந்து நெடுந்தூரம் பறந்து தேடும் அப்படிப்பட்ட விமானம் ஒன்றாவது இருந்திருந்தால் அவர் அத்தனை தந்திரம் செய்ய வேண்டியே இருந்திருக்காது.

செப்பேட்டுக்கு ஒரு கணம் திரும்புகிறேன். அதில் சோழர் பரம்பரை முழுவதும் இருக்கிறது. கொடையை நிறைவேற்றிய அதிகாரிகள் இருக்கிறார்கள். வடமொழிப் பகுதியை இயற்றிய நாராயண கவியின் பெயர் இருக்கிறது. எழுத்து வெட்டிய காஞ்சிபுரத்தாரின் பெயர்கூட இருக்கிறது. கடாரத்துக்குப் போன கப்பல்களில் பாய் இழுத்துக் கட்டியவன், சுக்கான் பிடித்தவன், இரவில் நட்சத்திரம் பார்த்துத் திசை சொன்னவன், அவர்களில் ஒருவன் பெயரும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அரசு ஆவணத்திடம் அதை எதிர்பார்ப்பது நியாயமாகாதுதான். ஆனாலும் அந்த இடைவெளி என்னை உறுத்துகிறது. என் பேச்சு அந்த உறுத்தலிலிருந்துதான் பிறந்தது.

வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் 1919 ஜூன் 8 அன்று நாகர்கோவிலில் பிறந்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ல்தான் அந்த மண் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நம் திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960 ஏப்ரல் 1-ல் சேர்ந்தது. தெற்கெல்லையிலும் வடக்கெல்லையிலும் உள்ள இந்த இரண்டு ஊர்களுக்கும் அந்த வகையில் ஓர் உறவு உண்டு.

இளைஞர் கிருஷ்ணன் 1930-களின் இறுதியில் அன்றைய ராயல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து இங்கிலாந்தில் பயிற்சி பெற்றார். இந்தியர்களை அதிகாரிகளாக எடுப்பதே அரிதாக இருந்த காலம். உலகப் போர் வந்தது. 1941-ல் பாரசீக வளைகுடாவில் நடந்த நடவடிக்கைகளில் காட்டிய துணிவுக்காக அவருக்கு டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ் என்ற விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 22. நாடு விடுதலை பெற்ற பிறகும், பதவி உயர்ந்த பிறகும், தன் பெயருக்குப் பின்னால் அந்த மூன்று எழுத்துகளை அவர் போட்டுக்கொண்டார்.

விடுதலைக்குப் பிறகும் பத்தாண்டுக்கு மேல் நம் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகளே. செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி 1958 ஏப்ரல் 22 அன்று பொறுப்பேற்றபோதுதான் முதல் இந்தியத் தலைமைத் தளபதி வந்தார். அவர் காலத்தில், 1961 டிசம்பரில், கோவா, டாமன், டையூ ஆகிய போர்ச்சுகீசியப் பகுதிகளை மீட்கும் நடவடிக்கை நடந்தது. டையூவுக்கு அனுப்பப்பட்ட ஐ.என்.எஸ். டில்லி என்ற குரூசரின் தலைவர் கேப்டன் கிருஷ்ணன். அந்தக் கப்பலுக்கே ஒரு பெரிய வரலாறு உண்டு. 1939 டிசம்பர் 13 அன்று தென்னமெரிக்கக் கரையோரம் ரிவர் பிளேட் போரில் 'அக்கிலீஸ்' என்ற பெயரோடு ஜெர்மானியப் போர்க்கப்பலை எதிர்த்து நின்ற கப்பல் அது. 1948-ல் நமக்கு வந்தது. டையூவில் அதன் பீரங்கிகள் தரைப்படைக்குத் துணை நின்றன. அந்த நடவடிக்கையில் பணியாற்றியவர்களுக்கு, 1947-ல் தொடங்கிய ஜெனரல் சர்வீஸ் மெடலின் நாடாவில் 'கோவா 1961' என்று எழுதிய சிறு பட்டை ஒன்றைப் பொருத்தினார்கள்.

இந்தப் பட்டையைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பதக்கங்களைப் பற்றி நம்மிடையே ஒரு குழப்பம் இருக்கிறது. படைவீரர் மார்பில் தொங்கும் எல்லாமே வீரச் செயலுக்குக் கிடைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பரம்வீர் சக்கரம், மகாவீர் சக்கரம், வீர் சக்கரம், நவ் சேனா பதக்கம் போன்றவை ஒருவர் தனியாகச் செய்த செயலுக்குக் கிடைப்பவை. அரசிதழில் பெயர் வரும், மாதப் படி வரும். போர்ச் சேவைப் பதக்கம் வேறு. இன்ன போரில், இன்ன களத்தில், இன்ன காலத்தில் நீ பணியில் இருந்தாயா என்பது ஒன்றுதான் அதற்கான கேள்வி. ஆம் என்றால் அட்மிரலுக்கும் கிடைக்கும், சமையலறையில் சப்பாத்தி உருட்டியவருக்கும் கிடைக்கும். இரண்டும் ஒரே வார்ப்பு, ஒரே உலோகம், ஒரே நாடா. மாதப் படி எதுவும் கிடையாது.

தேரின் வடத்தில் கை வைத்தவர் எல்லோரும் தேர் இழுத்தவர்களே; யார் எத்தனை பலத்தோடு இழுத்தார் என்று எந்த ஊரிலும் அளப்பதில்லை. போர்ச் சேவைப் பதக்கத்தின் நியாயமும் அதுதான். கூட இருந்தவர்களுக்கு எல்லாம் கொடுப்பது என்று இதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் உண்டு. படையிலேயே அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சு எவ்வளவு தவறு என்பதை 1971-ல் பாகிஸ்தானுடன் நடந்த வங்கக் கடல் போர் காட்டும்.

1971-ல் கிருஷ்ணன் கிழக்குக் கடற்படைக் கட்டளையின் தலைவர், இருப்பிடம் விசாகப்பட்டினம். அவருக்குக் கிடைத்த பெரிய ஆயுதம் நம் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த். 1960-களில் அவரே அதன் தலைவராக இருந்திருக்கிறார். அதன் பலமும் நோயும் அவருக்கு அத்துபடி. நோய் என்று சும்மா சொல்லவில்லை. 1970 ஜூனில் விக்ராந்தின் பாய்லர்களில் உள்ள நீர் உருளைகளில் வெடிப்புகள் கண்டுபிடிக்கப்பட்டன. பற்றவைத்துச் சரிசெய்ய முடியாத வெடிப்புகள். புதிய உருளைகள் பிரிட்டனிலிருந்து வர வேண்டும். அதுவரை பாய்லர்களைப் பயன்படுத்தவே கூடாது என்று தலைமையகம் உத்தரவிட்டது.

ஒரு விமானந்தாங்கிக் கப்பலில் பாய்லர் என்றால் என்ன என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அதன் நீராவிதான் கப்பலை ஓட்டுகிறது. அதே நீராவிதான் விமானத்தைத் தளத்திலிருந்து உந்தி வீசும் கேட்டபுல்ட் என்ற பொறியையும் இயக்குகிறது. விமானம் ஏறும்போது கப்பல் காற்றுக்கு எதிராகத் திரும்பி வேகமெடுக்க வேண்டும்; அந்த எதிர்க்காற்று இறக்கையின் அடியில் போதுமான அளவு இருந்தால்தான் விமானம் தூக்கும். காற்று குறைந்த நாளில், வேகம் குறைந்த கப்பலிலிருந்து, குண்டு ஏற்றிய விமானத்தைக் கிளப்புவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. விக்ராந்த் நன்றாக இருந்தபோது 24 நாட் வேகத்துக்கு மேல் ஓடியது. 1971-ல் பாய்லர்களைக் குறைந்த அழுத்தத்தில் மட்டும் இயக்குவது என்று முடிவானபோது அதன் வேகம் 14 நாட்டாகச் சுருங்கியது. போருக்குப் போனபோதும் 16 நாட் வரைதான்.

1965 போரின்போது விக்ராந்த் மும்பையில் பழுதுபார்ப்பில் கிடந்தது. நாட்டின் ஒரே விமானந்தாங்கி போர்க்களத்தைப் பார்க்கவே இல்லை என்பது கடற்படையின் நெஞ்சில் முள்ளாக இருந்தது. அந்தப் போரின்போது முப்படைகளின் உச்சத் தளபதி என்ற நிலையில் குடியரசுத் தலைவராக இருந்தவர் நம் திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறேன். இரண்டாவது முறையும் கப்பலைக் கரையில் கட்டி வைப்பதில்லை என்று தலைமைத் தளபதி அட்மிரல் நந்தா முடிவெடுத்தார். விக்ராந்த் கிழக்கே அனுப்பப்பட்டது. கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ் அதன் தலைவர்.

அந்த முடிவின் பாரம் யார் தலையில் இறங்கியது என்று யோசித்துப் பாருங்கள். வெடிப்பு விழுந்த பாய்லருக்குப் பக்கத்தில், கப்பலின் அடித்தட்டில், வெயிலும் காற்றும் படாத வெப்பத்தில், ஒவ்வொரு பணிநேரமும் நின்ற என்ஜின் அறை மாலுமிகள் தலையில். உருளை உடைந்தால் முதலில் போகிறவர்கள் அவர்கள். கீழே டார்பிடோ பாய்ந்தால் ஏறித் தப்ப அவர்களுக்குத்தான் வழி குறைவு. பகைக் கப்பலை அவர்கள் கண்ணால் பார்க்கப் போவதில்லை. அவர்கள் செயலை மேலிருந்து எவரும் பார்த்துப் பரிந்துரை எழுதப் போவதும் இல்லை. வீர விருதுக்கு ஒரு சாட்சி வேண்டும். பாய்லர் அறையில் சாட்சி ஏது?

எதிரிக்கும் விக்ராந்தின் அருமை தெரியும். பாகிஸ்தானிடம் இருந்த நீர்மூழ்கிகளில் கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றி வங்கக் கடல் வரை வரத்தக்க ஒரே கப்பல் காஜி. அமெரிக்கா உலகப் போர்க் காலத்தில் கட்டி 'டயப்ளோ' என்று பெயரிட்டிருந்த கப்பல். கமாண்டர் ஜாபர் முகம்மது கான் தலைமையில் 1971 நவம்பர் 14 அன்று அது கராச்சியை விட்டுப் புறப்பட்டது. நவம்பர் கடைசி வாரத்தில் சென்னைக் கடற்பரப்பில் விக்ராந்தைத் தேடியது. நம் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில் தூரத்தில் உள்ள கடற்கரைக்கு அப்பால், 90-க்கும் மேற்பட்ட ஆட்களோடு ஒரு நீர்மூழ்கி காத்துக்கிடந்தது என்பது அன்று சென்னையில் எவருக்கும் தெரியாது.

கிருஷ்ணனின் திறமை முழுதாக வெளிப்பட்ட இடம் இது. அவர் விக்ராந்தை அந்தமான் தீவுகளின் மறைவான ஒரு துறைக்கு அனுப்பிவிட்டார். அனுப்பிவிட்டு, அது விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது அல்லது வரப்போகிறது என்று ஊரையே நம்ப வைத்தார். ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு அரிசி, இறைச்சி, காய்கறிக்கு ஒப்பந்ததாரர்களிடம் சொல்லி வைத்தார். கடைத்தெருப் பேச்சு ஒற்றர் காதுக்குப் போகும் என்பது அவர் கணக்கு. ஐ.என்.எஸ். ராஜபுத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை வெளியே அனுப்பி, விமானந்தாங்கியிலிருந்து வரும் அளவுக்கு வானொலிச் செய்திகளை அனுப்பச் செய்தார். மாலுமி ஒருவர் தன் தாயின் உடல்நிலையை விசாரிக்கும் தந்தி ஒன்றும் அந்தச் செய்திகளிடையே கசிந்தது. போர்க்காலக் கட்டுப்பாட்டை மீறிய அசட்டுத்தனம் போல எதிரிக்குத் தெரிய வேண்டும் என்றே விட்ட கசிவு அது.

தாயைப் பற்றிய அந்தத் தந்தியை நான் பலமுறை நினைத்திருக்கிறேன். ஒரு தளபதி, மாலுமியின் மனத்தை எவ்வளவு நெருங்கி அறிந்திருந்தால் இப்படி ஒரு பொய்யை உருவாக்க முடியும்! உண்மையான மாலுமி எவனும் அப்படித்தான் கேட்டிருப்பான் என்று தெரிந்திருந்ததால்தான் அது எடுபட்டது.

காஜி விசாகப்பட்டினத்துக்கு வந்தது. டிசம்பர் 3 மாலை மேற்கே பாகிஸ்தான் விமானங்கள் குண்டு வீச, போர் வெளிப்படையாகத் தொடங்கியது. அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் ராஜபுத், லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் தலைமையில், துறைமுகத்தை விட்டு வெளியேறியது. நீரில் ஏதோ கலங்குவதைக் கண்டு ஆழ்நீர்க் குண்டுகளை வீசியது. சற்றுப் பொறுத்து விசாகப்பட்டினக் கரையே அதிரும் வெடிச்சத்தம் கேட்டது. மறுநாள் மிதந்துவந்த பொருள்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். காஜி தன் 93 பேரோடு மூழ்கிவிட்டது.

எப்படி மூழ்கியது என்பதில் இரு நாடுகளுக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. ராஜபுத்தின் குண்டுகளால் என்பது நம் கடற்படையின் கூற்று. தானே பதித்த கண்ணிவெடியில் மோதியோ உள்ளே நேர்ந்த விபத்தாலோ என்பது பாகிஸ்தானின் கூற்று. கிருஷ்ணன் 'நோ வே பட் சரண்டர்' என்ற தன் நூலில் இந்தப் போரை விரிவாக எழுதியிருக்கிறார். என் தீர்ப்பு இது: எந்த வெடியால் மூழ்கியது என்பது இரண்டாம் கேள்வி. காஜி வர வேண்டிய இடம் அதுவல்ல. கிருஷ்ணன் வரவழைத்ததால் வந்தது. விக்ராந்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் பிழைத்தது அந்தத் தந்திரத்தால். இறந்த 93 பேரும் கடலோடிகள்தான், அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

டிசம்பர் 4 அன்று விக்ராந்தின் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின, பிறகு சிட்டகாங்கை. தொடர்ந்த நாட்களில் குல்னா, மோங்லா துறைகளும் தாக்கப்பட்டன. கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த படைக்குக் கடல்வழி மூடப்பட்டது. டாக்காவில் சரணடைய நேர்ந்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். வடக்கேயும் மேற்கேயும் தரைப்படை சூழ்ந்தபோது, தெற்கே கப்பல் வரும், தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை மிச்சமில்லாமல் போயிருந்தது.

எல்லாமே வெற்றியாக அமையவில்லை. டிசம்பர் நடுவில் காக்ஸ் பஜார்க் கரையில் படையை இறக்க நடந்த முயற்சி, கரையின் தன்மை சரியாகத் தெரியாமல் குழம்பியது. கூர்க்கா வீரர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். டிசம்பர் 10 அன்று குல்னா அருகே வங்காள விடுதலைப் போராளிகள் ஓட்டிய பத்மா, பலாஷ் என்ற இரண்டு படகுகள் நம் விமானப்படையின் விமானங்களாலேயே தவறுதலாகத் தாக்கப்பட்டு மூழ்கின. பலாஷ் படகில் என்ஜின் அறைப் பணியில் இருந்த முகம்மது ருகுல் அமீன் அன்று உயிர் துறந்தார். வங்கதேசம் தன் மிக உயரிய வீர விருதான பீர் சிரேஷ்டோவை ஏழு பேருக்குத்தான் கொடுத்திருக்கிறது. அந்த எழுவரில் என்ஜின் அறைக்காரரான இவரும் ஒருவர். கீழ்த்தட்டு மாலுமியை ஒரு நாடு தன் தலைமேல் வைத்ததற்கு எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தெரியாது.

1971 டிசம்பர் 16 மாலை டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் படைத் தளபதி நியாசி சரணடைந்து கையெழுத்திடும் புகைப்படத்தை நீங்கள் எல்லோரும் பாடப் புத்தகத்திலோ செய்தித்தாளிலோ பார்த்திருப்பீர்கள். மேசைக்குப் பின்னால் நிற்கும் தளபதிகளில் கடற்படையின் சார்பில் நிற்பவர் நாகர்கோவில்காரரான கிருஷ்ணன்தான். அடுத்த முறை அந்தப் படம் கண்ணில் பட்டால் அவரை அடையாளம் கண்டு பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அரசு அவருக்குப் பத்மபூஷண் அளித்தது, பரம் விசிஷ்ட சேவா பதக்கமும் அவர் பெற்றார். பணி ஓய்வுக்குப் பிறகு கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1982 ஜனவரி 30 அன்று காலமானார்.

போருக்குப் பிறகு 1973-ல் பதக்கங்கள் நிறுவப்பட்டன. கிழக்குக் களத்துக்குப் பூர்வி ஸ்டார், மேற்குக் களத்துக்குப் பஸ்சிமி ஸ்டார். இரண்டும் வெண்கல நிறத்து ஐந்து முனை நட்சத்திரங்கள், நடுவில் அரசு இலச்சினை. களத்துக்கே போகாவிட்டாலும் அக்காலத்தில் படைப்பணியில் இருந்தவர்களுக்குச் சங்கிராம் மெடல் என்ற வட்டப் பதக்கம். கிழக்கே போரை நடத்திய அட்மிரலின் மார்பில் ஏறிய அதே பூர்வி ஸ்டார்தான் விக்ராந்தின் பாய்லர் அறையில் நின்றவருக்கும் கிடைத்தது. மேற்கே டிசம்பர் 9 இரவு நம் குக்ரி கப்பல் டார்பிடோவால் தாக்கப்பட்டபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கடலில் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதனோடு மூழ்கினார். அவருக்கு மகாவீர் சக்கரம். மற்றவர்களில் பெரும்பாலோரின் வீடுகளில் இருக்கும் சாட்சி, போர்ச் சேவைப் பதக்கம் ஒன்றுதான்.

சங்கிராம் மெடல் போன்ற வட்டப் பதக்கங்களின் விளிம்பைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வீரரின் எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். கடாரம் போனவனுக்குச் செப்பேடு செய்யாததை, ஒரு குடியரசு தன் கடைசி மாலுமிக்குச் செய்திருக்கிறது. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். போரின் வரலாற்றைத் தளபதிகளின் பெயரில் எழுதுவது தவிர்க்க முடியாதது. கிருஷ்ணனைப் பற்றி இத்தனை நேரம் பேசிய நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் ஓர் அரசு, மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் ஒரே பதக்கத்தை வார்த்து, அதில் அவரவர் பெயரையும் வெட்டிக் கொடுக்கிறது என்றால், அந்தப் பதக்கமே வரலாற்றின் இன்னொரு பாதி. தனி வீரத்துக்கான விருதுகள் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வரலாற்றின் இந்த மறுபாதி நம் வீட்டு அலமாரிகளில் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

சமுதாயம் ஒரு போரை விரும்பியதா வெறுத்ததா என்பது இந்தப் பதக்கத்தைப் பாதிக்கக் கூடாது என்பதும் என் கருத்து. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த அமைதிப்படையினருக்கு 'ஸ்ரீலங்கா' என்ற பட்டையோடு ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் கொடுக்கப்பட்டது. 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் சென்னையில் வந்து இறங்கியபோது அன்றைய மாநில அரசு வரவேற்கப் போகவில்லை. அந்தப் படை நடவடிக்கையைப் பற்றித் தமிழர்களுக்கு ஆறாத காயங்கள் உண்டு. அவற்றை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அனுப்பியது அரசு, போனது வீரன். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் முதிர்ச்சி நமக்கு வேண்டும்.

கப்பல்கூட மிஞ்சவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1997 ஜனவரியில் ஓய்வு பெற்ற விக்ராந்த், மும்பையில் சில ஆண்டுகள் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்தது. காப்பாற்ற வேண்டும் என்று எத்தனையோ பேர் மன்றாடியும் 2014-ல் உடைப்பதற்கு விற்கப்பட்டது. அதன் இரும்பின் ஒரு பகுதியை உருக்கி மோட்டார் சைக்கிளில் சேர்த்தார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்தது. அதைக் கட்டியது, கிருஷ்ணன் ஒருகாலத்தில் தலைமை தாங்கிய அதே கொச்சித் தளம். ஆனால் 1971-ல் வங்கக் கடலில் மிதந்த அந்தப் பழைய தளத்தின் மேல் இனி எவரும் நடக்க முடியாது. அங்கே நின்றவர்களுக்கு, அங்கே நின்றோம் என்பதற்குக் கையில் மிஞ்சியிருப்பது அந்த நட்சத்திரம் மட்டும்தான்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அரக்கோணத்திலும் திருத்தணியிலும் இந்தச் சுற்றுவட்டாரத்திலும் படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்கள் நிறைய உண்டு. தாத்தாவின் பெட்டியில் நாடா நைந்த பதக்கம் இருந்தால் அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பில் உள்ள எழுத்து தேய்ந்துவிடும். பழைய பித்தளையோடு சேர்த்து எடைக்குப் போடாதீர்கள். மெல்லிய துணியில் சுற்றி வையுங்கள். விளிம்பில் உள்ள எண்ணையும் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். அவர் உயிரோடு இருந்தால், எந்தக் கப்பல், எந்தப் படைப்பிரிவு, என்ன வேலை, அங்கே என்ன பார்த்தார் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். 1971-ல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. எழுதியதில் ஒரு படியை நம் பள்ளிக்கூட ஆசிரியர்களிடமோ ஊர் நூலகத்திலோ கொடுங்கள். ஆசிரியப் பெருமக்கள் அதற்கென்று ஒரு பதிவேடு தொடங்க வேண்டும். செப்பேட்டைப் பெற்ற ஊர் திருவாலங்காடு. அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தை இந்த ஆண்டே இங்கிருந்து தொடங்குங்கள்.